நாலு முழ ரப்பர்

போன ஐப்பசி மாதம், என் காருக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று ஓர் இளைஞர் எனக்குத் தீர்ப்புச் சொன்னார். தீர்ப்புச் சொன்ன இடம் குளிர்சாதன வசதி செய்த ஒரு பெரிய மோட்டார் பட்டறை. பட்டறை என்றால் அவர்களுக்குக் கோபம் வரும். 'சர்வீஸ் சென்டர்' என்று சொல்ல வேண்டும். அந்த இளைஞரின் கையில் எண்ணெய்க் கறை இல்லை. சட்டையில் மடிப்புக் கலையவில்லை. அவர் காரின் மூடியைத் திறந்து பார்க்கவில்லை. இன்ஜினை ஓடவிட்டுக் காது கொடுத்துக் கேட்கவில்லை. கையில் வைத்திருந்த கண்ணாடிப் பலகையை விரலால் இரண்டு தட்டுத் தட்டிவிட்டு, "சார், இதுக்கு லைஃப் அவ்வளவுதான். எக்ஸ்சேஞ்சுல குடுத்துடுங்க. நல்ல ஆஃபர் போயிட்டிருக்கு" என்றார்.

நான் அவரிடம் கொண்டு போன வியாதி என்ன தெரியுமா? ஜன்னல் கண்ணாடியின் ஓரத்தில் இருக்கும் ரப்பர் பட்டை தேய்ந்து போயிருந்தது. அவ்வளவுதான்.

செருப்பு வார் அறுந்துவிட்டது என்று தைக்கிறவரிடம் போகிறீர்கள். அவர் செருப்பைக் கையில் வாங்காமலே உங்கள் முகத்தைப் பார்த்து, "உங்களுக்கு வயசாகிவிட்டது, இனிமேல் நடக்காதீர்கள்" என்று சொன்னால் எப்படி இருக்கும்? எனக்கும் அப்படித்தான் இருந்தது.

நான் கதை எழுதிப் பிழைக்கிறவன். மோட்டார் சாஸ்திரம் படித்தவன் அல்ல. ஆனாலும் இந்தத் தீர்ப்பை எதிர்த்து அப்பீல் செய்யாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன். என் கட்சிக்காரர் 1987-ஆம் வருஷத்து அம்பாஸிடர். 1489 சி.சி. பெட்ரோல் இன்ஜின். காலையில் ஒரு தடவை முனகுவார், அப்புறம் கிளம்பிவிடுவார். எதிர்க்கட்சியில் யார் யார் இருக்கிறார்கள் என்பதைப் போகப் போகச் சொல்கிறேன். அதில் நானும் ஒருவன் என்பதை இப்போதே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

முதலில் வழக்கின் விவரம். ஐப்பசி அடைமழையில் மாம்பலத்திலிருந்து திருவான்மியூருக்குப் போய்க்கொண்டிருந்தோம். பின் ஆசனத்தில் என் மனைவி. சிக்னலில் பிரேக் போட்டபோது கதவுக்குள்ளிருந்து 'சளக்' என்று ஒரு சப்தம் வந்தது. மறுபடி கிளம்பும்போது மறுபடி 'சளக்'.

"என்னங்க, கதவுக்குள்ளே யாரோ குடத்தோட வராப்பல இருக்கு?" என்றாள் அவள்.

வேடிக்கையாகத்தான் சொன்னாள். ஆனால் திருவான்மியூர் போய் இறங்கியபோது அவளுடைய புடவையின் இடது பக்கம் முழங்கால் வரை நனைந்திருந்தது. காலடியில் விரித்திருந்த கோரைப்பாய் தண்ணீரில் ஊறி நாற்றமெடுத்தது. கதவின் உள்பக்கத்து அட்டை உப்பி, ஓரத்தில் பிரிந்துகொண்டிருந்தது.

"ஒரு புது கார் வாங்கிவிட்டுப் போவதுதானே?" என்று நீங்கள் கேட்பீர்கள். என் பிள்ளையும் அதைத்தான் கேட்டான். வாங்கலாம், கடன் கொடுக்க ஆயிரம் பேர் காத்திருக்கிறார்கள். ஆனால் என் மனைவிக்கு முழங்கால் வலி. பிள்ளையின் காரில் அவள் உட்காருவதில்லை, விழுகிறாள். இறங்கும்போது ஒருவர் முன்னால் நின்று இரண்டு கையையும் பிடித்துக் கிணற்றிலிருந்து தூக்குவதுபோலத் தூக்க வேண்டும். கல்யாண மண்டபத்து வாசலில், நாலு பேர் பார்க்க, அப்படித் தூக்கிவிடப்படுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. அம்பாஸிடரின் ஆசனமோ நாற்காலி உயரம். கதவைத் திறந்தால் திரும்பி உட்காரலாம், காலை உள்ளே எடுத்துக்கொள்ளலாம், இறங்கும்போது காலை ஊன்றி எழுந்திருக்கலாம். "இந்தக் கார்லதான் நான் யார் கையையும் எதிர்பார்க்காம ஏறி இறங்கறேன்" என்று அவள் ஒரு நாள் சொன்னாள். அதற்குப் பிறகு இந்தக் காரை ஒரு பழைய இரும்புச் சாமான் என்று என்னால் நினைக்க முடியவில்லை.

ஆகவே, நாலு முழ ரப்பர் என்று நான் சொல்லும்போது, அதன் மறுமுனையில் ஒருத்தியின் கௌரவம் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பதை நீங்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி அந்த ரப்பரின் உத்தியோகத்தைப் பார்ப்போம். கார்க் கண்ணாடியை இறக்கும்போது அது கதவுக்குள்ளே போகிறது அல்லவா? அது போகிற அந்த இடுக்கின் இரண்டு கரையிலும், உள்பக்கம் ஒன்று வெளிப்பக்கம் ஒன்றாக, ஒரு ரப்பர் பட்டை இருக்கும். கண்ணாடியை இரண்டு உதடுகள் கவ்விக்கொண்டிருப்பதுபோல அவை கவ்வியிருக்கும். மெக்கானிக்குகள் 'பீடிங்' என்பார்கள். நாலு கதவுக்கும் சேர்த்து எட்டுப் பட்டைகள். நீங்கள் எத்தனையோ தடவை அதன்மேல் முழங்கையை ஊன்றிக்கொண்டு காற்று வாங்கியிருப்பீர்கள். பார்த்திருக்க மாட்டீர்கள்.

மழை பெய்யும்போது கண்ணாடியில் வழிகிற தண்ணீரை இந்தப் பட்டை வழித்து வெளியே தள்ளுகிறது. முழுவதையும் அல்ல, கொஞ்சம் உள்ளே போகத்தான் செய்யும். கதவுக்குள் தண்ணீரே போகாது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அது தப்பு. கதவைச் செய்தவன் நம்மைவிடப் புத்திசாலி. கொஞ்சம் தண்ணீர் உள்ளே வரும் என்று தெரிந்தே கதவின் அடிப்பக்கத்தில் சின்னச் சின்னத் துவாரங்கள் வைத்திருக்கிறான். மொட்டை மாடிக்கு நீர்த்தாரை வைப்பதுபோல. மேலே பட்டை சரியாக இருந்து, கீழே துவாரம் திறந்திருந்தால், எத்தனை ஐப்பசி வந்தாலும் கதவுக்கு ஒன்றும் ஆகாது.

பட்டை தேய்ந்து இறுகிப் போனால் என்ன ஆகிறது? தண்ணீர் அதிகமாக இறங்குகிறது. தண்ணீரோடு மண்ணும் இறங்குகிறது. வேப்பமரத்தடியில் வண்டியை நிறுத்துகிறவராக இருந்தால் வேப்பம் சருகும் இறங்குகிறது. அவை கீழே போய்த் துவாரங்களை அடைத்துக்கொள்கின்றன. தண்ணீர் தேங்குகிறது. தகடு உள்ளிருந்து வெளியே துருப்பிடிக்கிறது. வெளியில் பெயிண்டில் ஒரு கொப்புளம் தெரியும்போது உள்ளே பாதி போயிருக்கும். அதற்குள் கதவின் உள்அட்டை வழியாக ஈரம் தரைக்கும் வந்துவிடுகிறது. அம்பாஸிடருக்கு லாரியைப்போலத் தனியாக ஒரு சட்டம் கிடையாது. உடம்புத் தகடேதான் வண்டியைத் தாங்குகிற எலும்பு. தரை துருப்பிடித்தால் எலும்பு துருப்பிடித்ததாக அர்த்தம். நம் சென்னையில் கடற்காற்றின் உப்பும் இதற்கு ஒத்தாசை செய்கிறது.

ஆகப் பழைய கார்களில் பல, இன்ஜின் போய்ச் சாவதில்லை. இன்ஜினைப் பிரித்துக் கோக்க நம் ஊரில் ஆயிரம் கைகள் இருக்கின்றன. கார் சாவது தகடு உளுத்து. தகடு உளுப்பது தண்ணீர் தேங்கி. தண்ணீர் தேங்குவது, நாலு முழ ரப்பரை யாரும் மாற்றாததால். இதுதான் என் வழக்கின் சாராம்சம்.

இப்போது என்னுடைய குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன்பே எங்கள் வீட்டுக் காரில் லேசாக ஒழுகத் தொடங்கியிருந்தது. நண்பர் ஒருவர், "இதுக்கெல்லாம் மெக்கானிக்கா? ஒரு சிலிக்கான் பசை வாங்கி நீங்களே பூசிடுங்க" என்றார். வாங்கினேன். பற்பசையைப் பிதுக்குவதுபோலப் பிதுக்கிக் கண்ணாடி ஓரம் முழுதும் பூசினேன். மறுநாள் கண்ணாடியை இறக்கினபோது பசை நூல் நூலாகக் கிழிந்து கதவுக்குள் போயிற்று. அதோடு விட்டேனா? குனிந்து பார்த்தபோது கதவின் அடியில் ஓட்டைகள் தெரிந்தன. ஆகா, துரு அரித்துவிட்டது என்று பதறி, மிச்சமிருந்த பசையை வைத்து அவற்றையும் அடைத்தேன்! வண்டியைச் செய்தவன் பார்த்துப் பார்த்து வைத்த நீர்த்தாரையை, வண்டியைக் காப்பாற்றுகிறேன் என்று நானே மூடினேன். கதவு குடமாயிற்று. என் மனைவி வேடிக்கையாகச் சொன்னது அட்சரம் பிசகாத உண்மை.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், இதேபோலப் பூசினவர்கள் நம்மில் அநேகர் என்பது எனக்குத் தெரியும். நாம் காருக்கு என்னதான் செய்வதில்லை! ஆயுத பூஜையன்று சந்தனம், குங்குமம், மாலை, முன்னால் எலுமிச்சம்பழமும் மிளகாயும், ஆசனத்துக்கு உறை, உறைக்கு மேல் ஒரு துண்டு. ஞாயிற்றுக்கிழமை காலையில் கண்ணாடிபோல் துடைத்து வைக்கிறோம். அந்தக் கண்ணாடியின் காலடியில் காய்ந்து வெடித்துக் கிடக்கும் பட்டையை மட்டும் பார்க்க மாட்டோம். நோயாளிக்குத் தலைவாரிப் பூச்சூட்டிவிட்டு மருந்து கொடுக்க மறந்துவிடுகிற பக்தி இது.

சரி, ரப்பர் ஏன் கெடுகிறது? அதற்கு வயதாகிவிட்டது என்று சொல்லிவிட்டால் போதுமா? போதாது. 1839-ல் அமெரிக்காவில் சார்ல்ஸ் குட்இயர் என்பவர் ரப்பரோடு கந்தகத்தைச் சேர்த்துச் சூடாக்கினால் அது வெயிலில் இளகாமலும் குளிரில் நொறுங்காமலும் இருப்பதைக் கண்டுபிடித்தார். 1844-ல் அதற்கு உரிமைப் பத்திரம் பெற்றார். பாவம், கடனோடுதான் செத்தார். இன்றைக்கு மோட்டார் உலகம் ஓடுவது அவர் காட்டின வழியில். ஆனால் அப்படிப் பதப்படுத்திய ரப்பருக்கும் ஒரு சத்துரு உண்டு. காற்றில் மிகச் சொற்பமாகக் கலந்திருக்கும் ஓஸோன் வாயு, இயற்கை ரப்பரின் அணுக்கள் கோத்துக்கொண்டிருக்கும் கண்ணிகளை ஒவ்வொன்றாக அறுக்கிறது. இதில் ஒரு விசேஷம்: இழுபட்ட நிலையில் இருக்கும் ரப்பரைத்தான் அது முதலில் வெட்டுகிறது. இழுப்புக்குக் குறுக்கே கோடு கோடாக வெடிப்பு விழும். சும்மா கிடக்கிற ரப்பர் அதே காற்றில் அதிக நாள் தாக்குப் பிடிக்கும். வெயில் இந்த வேலையை இன்னும் விரைவாக்குகிறது. இப்போது கார்க் கதவுகளுக்கு ஈ.பி.டி.எம். என்ற செயற்கை ரப்பரை ஏராளமாக உபயோகிக்கிறார்கள். ஓஸோன் அதை அவ்வளவு சுலபத்தில் தொட முடியாது. அதுவும் சிரஞ்சீவி அல்ல. ஒரு நாள் இறுகத்தான் செய்யும்.

அப்படியானால் என்ன தெரிகிறது? இந்தப் பட்டை தேயும், மாற்ற வேண்டி வரும் என்பது கார் செய்கிறவர்களுக்கு முதல் நாளே தெரியும். டயர் தேய்கிறது, மாற்றுகிறோம். பிரேக் கட்டை தேய்கிறது, மாற்றுகிறோம். டயர் தேய்ந்துவிட்டது, ஆகவே காரை விற்றுவிடு என்று எந்த இளைஞரும் சொல்வதில்லை. ஏன்? டயர் கடையில் கிடைக்கிறது. பட்டை கிடைப்பதில்லை. கிடைக்காததால் 'ஆயுள் முடிந்தது' என்கிறார்கள். ஒருவனுக்குச் சோறு போடுவதை நிறுத்திவிட்டு, அவன் கண்ணை மூடினபின், "பாவம், வயதாகிவிட்டது" என்று சொல்வதை நாம் மரணம் என்றா சொல்வோம்?

அம்பாஸிடர் 1950-களின் கடைசியில் தொடங்கி 2014 மே மாதம் வரை வங்காளத்து உத்தரபாராவில் தயாராயிற்று. அந்த மாதத்தோடு தொழிற்சாலை நின்றது. 2017-ல் 'அம்பாஸிடர்' என்ற பெயர் மட்டும் ஒரு பிரெஞ்சு மோட்டார் கம்பெனிக்கு 80 கோடி ரூபாய்க்குக் கைமாறியது. பெயருக்கு 80 கோடி! நான் யாரையும் குறை சொல்லவில்லை. தன் சொத்தை விற்க யாருக்கும் உரிமை உண்டு. ஆனால் உலகத்தின் தராசைப் பாருங்கள். ஒரு காரின் பெயர் சாகாமல் இருக்க அதற்கு ஒரு விலை இருக்கிறது. ஓடிக்கொண்டிருக்கிற அதே காரின் ஜன்னல் ரப்பர் எங்கே கிடைக்கும் என்று சொல்ல ஆள் இல்லை.

ரப்பருக்குப் பஞ்சமா நம் நாட்டில்? கேரளத்திலும் கன்னியாகுமரி மாவட்டத்திலும் மலைச் சரிவெல்லாம் ரப்பர் மரம் நிற்கிறது. இதே சென்னையில், திருவொற்றியூரில், 1946-ல் விளையாட்டுப் பலூன் செய்யத் தொடங்கிய ஒரு சின்னக் கொட்டகைதான் பின்னால் எம்.ஆர்.எஃப். என்ற பெரிய டயர் கம்பெனியாக வளர்ந்தது. பால் இருக்கிறது, பால் காய்ச்சத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். குழந்தைக்கு மட்டும் கொடுக்க மாட்டேன் என்றால் எப்படி?

ஆனால் நம் ஊரில் இன்னும் ஒரு வழி மிச்சமிருக்கிறது. சர்வீஸ் சென்டரிலிருந்து நேராக ஜெனரல் பேட்டர்ஸ் ரோடுக்குப் போனேன். அங்கே மூன்று கடை ஏறி இறங்கினபின், "புதுப்பேட்டைல பாருங்க சார்" என்றார்கள். புதுப்பேட்டையில், பழைய கார்க் கதவுகள் அப்பளக் கட்டுப்போல அடுக்கி வைத்திருந்த ஒரு சந்தில், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார் ஒரு பெரியவர்.

"பாய், அம்பாஸிடர் கண்ணாடி பீடிங் வேணும். எண்பத்தேழு மாடல்."

"பழசு கொண்டாந்தீங்களா சார்?"

"இல்லையே. மாடல் சொன்னால் போதாதா?"

"பேரைச் சொன்னா நான் என்னத்தைக் குடுக்கிறது? ரப்பருக்குப் பேர் கிடையாது சார், வாய்தான் உண்டு. வாயைக் காட்டினாத்தான் ஜோடி சேர்க்க முடியும்."

வாய் என்று அவர் சொன்னது பட்டையைக் குறுக்கே வெட்டினால் தெரிகிற வடிவத்தை. மறுநாள் காய்ந்து வளைந்து போயிருந்த ஒரு துண்டைக் கழற்றிக்கொண்டு போனேன். அவர் அதன் முனையைக் கத்தியால் சீவி, நாலைந்து சுருள்களை எடுத்து, ஒவ்வொன்றின் முனையையும் அதோடு வைத்து வைத்துப் பார்த்தார். கடைசியில் இரண்டு சுருளைத் தனியாக எடுத்து வைத்தார்.

"இது சல்லிசு. இது கொஞ்சம் கூட. ரெண்டையும் மடிச்சுப் பாருங்க."

மடித்தேன். சல்லிசானதில் மடிப்புக் கோடு அப்படியே நின்றது. மற்றது விட்டவுடனே நிமிர்ந்துகொண்டது. கண்ணாடியில் உராயும் பக்கத்தில் வெல்வெட்டுப்போல மெல்லிய ரோமமும் இருந்தது.

"எடுத்துக்கிட்டுப் போங்க. ஒண்ணு சொல்றேன் சார். இழுத்து மாட்டாதீங்க. பத்தலைன்னு இழுத்து மாட்டினா அடுத்த வெயிலுக்கே சுருங்கி வெடிச்சிடும். ஒரு விரக்கடை கூட வெச்சு வெட்டி, அமுக்கி உட்கார வையுங்க. மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்காதீங்க, ஊதிப்போயிடும். சோப்புத் தண்ணி போதும்."

அவர் ஓஸோனைப்பற்றிக் கேள்விப்பட்டிருப்பாரோ என்னவோ எனக்குத் தெரியாது. இழுபட்ட ரப்பர் முதலில் வெடிக்கும் என்ற ரசாயன சாஸ்திரம் மட்டும் அவர் விரலில் இருந்தது. கண்ணாடிப் பலகையைத் தட்டின இளைஞருக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் வயது அல்ல. இவர் பொருளைக் கையால் தொட்டுப் பார்க்கிறார். அவரைத் தொட வேண்டாம் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் தெரு மெக்கானிக் வந்து, வீட்டு வாசல் மரத்தடியிலேயே வேலையை முடித்தார். நான் சிற்றாள். கண்ணாடியை முழுக்க இறக்கினோம். கைப்பிடிகளைக் கழற்றி, உள்அட்டையை மெதுவாக நெம்பி எடுத்தோம். பழைய பட்டையைப் பிடித்து இழுத்தபோது அது வறட்டிபோலத் துண்டு துண்டாக ஒடிந்து வந்தது. அது பற்றியிருந்த கிளிப்புகளில் சில துருவாகவே கையோடு வந்தன. அவருக்குக் கதவின் அடிப்பாகத்தைக் காட்ட எனக்கு வெட்கமாக இருந்தது. காட்டினேன்.

"இதை யாருங்க ஐயா அடைச்சது?" என்றார்.

"ஒரு முட்டாள்" என்றேன்.

அவர் என் முகத்தைப் பார்த்துவிட்டு மேலே ஒன்றும் கேட்கவில்லை. கம்பியால் குத்தித் துவாரங்களைத் திறந்தார். கறுப்பாய்த் தண்ணீர் கொட்டிற்று. பின்னோடு சேறு, சருகு, என் சிலிக்கான் நூல்கள். உள்ளே துருவைச் சுரண்டித் துடைத்து, காயவிட்டு, துருத் தடுக்கும் பெயிண்ட் அடித்தோம். அந்தக் கதவின் அடித்தகடு இன்னும் ஒரு மழைக்காலம் தாங்கியிருக்காது என்றார் அவர். பிறகு பாய் சொன்னபடி விரக்கடை கூட வைத்து வெட்டி, இழுக்காமல், முனையிலிருந்து முனைக்கு அமுக்கி உட்கார வைத்தோம். கண்ணாடியை ஏற்றி இறக்கிப் பார்த்தோம். ஒரு குவளைத் தண்ணீரைக் கண்ணாடிமேல் ஊற்றினோம். பெரும்பாலும் வெளியே வழிந்தது. உள்ளே போன கொஞ்சம், சற்றுப் பொறுத்துக் கதவின் அடியில் சொட்டுச் சொட்டாக இறங்கிற்று. அந்தச் சொட்டுகளைப் பார்த்தபோது, அச்சில் என் முதல் கதையைப் பார்த்த சந்தோஷம் எனக்கு.

எட்டுப் பட்டையும் கூலியும் சேர்ந்து, நல்ல ஹோட்டலில் நாலு பேர் சாப்பிட்ட செலவுக்கு மேல் ஆகவில்லை. எக்ஸ்சேஞ்சுக்குப் போயிருந்தால் லட்சக் கணக்கில் கடன்காரனாகியிருப்பேன்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் நேர்மையாகக் கேட்டுவிடலாம். பழைய கார் அதிகம் புகை விடுகிறது என்கிறார்கள். உண்மை. மோதினால் உயிரைக் காக்கும் காற்றுப் பை அதில் இல்லை என்கிறார்கள். அதுவும் உண்மை. அதனால்தான் நான் அதை நெடுஞ்சாலையில் ஓட்டுவதில்லை. ஊருக்குள், நிதானமாக, புகைச் சோதனைச் சீட்டோடு ஓட்டுகிறேன். அந்தச் சோதனையில் தேறாத நாள் வந்தால் நானே மாலை போட்டு விடை கொடுப்பேன். அரசாங்கம் 2021-ல் கொண்டுவந்த பழைய வாகனக் கொள்கையைக்கூட நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். சொந்தக் கார் 20 வருஷம் கடந்தால் தகுதிச் சோதனையில் தேற வேண்டும் என்றது அது. வருஷத்தைப் பார்க்காமல் வண்டியைப் பார் என்பது நியாயமான பேச்சுதான்.

ஆனால் 2022 ஏப்ரல் முதல் தேதியிலிருந்து, 15 வருஷம் கடந்த காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணத்தை 600 ரூபாயிலிருந்து 5000 ரூபாய் ஆக்கினார்கள். இங்கே வண்டியை யார் பார்த்தார்கள்? வருஷத்தைத்தானே பார்த்தார்கள்? நன்றாகப் பராமரித்தவனுக்கும் அதே தண்டனை, பராமரிக்காதவனுக்கும் அதே தண்டனை. அது போகட்டும். தரை துருப்பிடித்ததால் ஒரு கார் தகுதிச் சோதனையில் தோற்றது என்றே வைத்துக்கொள்வோம். அந்தத் துருவுக்குப் பொறுப்பாளி, ரப்பர் தேடி அலைந்து கிடைக்காமல் திரும்பினவனா? தேயும் என்று தெரிந்தே ஒரு பாகத்தை வைத்துவிட்டு, மாற்றுப் பாகம் செய்வதை நிறுத்தினவனா? பரீட்சை வைக்கிறவர்கள் பாடப் புத்தகம் கடையில் கிடைக்கிறதா என்றும் பார்க்க வேண்டாமா?

பிரான்ஸ் தேசத்தில் 2021 ஜனவரி முதல், சலவை யந்திரம், டெலிவிஷன், கைத் தொலைபேசி போன்ற சில சாமான்களுக்கு, அவற்றைப் பழுது பார்ப்பது எவ்வளவு சுலபம் என்று பத்துக்கு இத்தனை என மதிப்பெண் போட்டு விற்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். உதிரிப் பாகம் கிடைக்கிறதா என்பதும் அந்த மதிப்பெண்ணில் சேர்த்தி. நம் மத்திய அரசின் நுகர்வோர் இலாகாவும் 2022 ஜூலையில் பழுது பார்க்கும் உரிமையைப்பற்றி ஆராய ஒரு கமிட்டி வைத்தது. மோட்டார் வண்டியும் அதன் ஜாபிதாவில் இருந்தது. நல்ல ஆரம்பம். அந்தக் கமிட்டிக்காரர்களுக்கு என் விண்ணப்பம் சின்னது. ஒரு காரை விற்கிறவர், அதில் தேயக்கூடிய பாகங்களை இத்தனை வருஷம் வரை தருவேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். அதற்குப் பிறகு செய்ய இஷ்டமில்லை என்றால் அந்தப் பாகத்தின் வரைபடத்தையும் அளவையும் வெளியிட்டுவிட வேண்டும். அம்பத்தூரிலும் கிண்டியிலும் சின்னத் தொழிற்கூடம் வைத்திருக்கிறவர்கள் மிச்சத்தைப் பார்த்துக்கொள்வார்கள். புதுப்பேட்டைப் பெரியவரின் நினைவிலும் நாலு சுருளிலும் மட்டுமே ஒரு காரின் உயிர் இருப்பது சரியல்ல. அவர் ஒரு நாள் கடையை மூடிவிட்டால்?

உங்களுக்கும் ஒரு விண்ணப்பம். பழைய கார் வைத்திருக்கிறீர்களா? புரட்டாசி முடிவதற்குள், மொட்டை மாடித் தாரையைச் சுத்தம் செய்கிற அன்றைக்கே, கார்க் கதவின் அடியில் குனிந்து துவாரங்களைப் பாருங்கள். ஒரு ஈர்க்குச்சி போதும். கண்ணாடி ஓரத்துப் பட்டையை விரலால் அழுத்துங்கள். அமுங்கி எழுந்தால் நல்லது. கல்லுப்போல இருந்தால், வெடித்திருந்தால், மாற்றிவிடுங்கள். தயவுசெய்து பசை பூசாதீர்கள். 'வயசாகிவிட்டது' என்று யாராவது சொன்னால், எந்தப் பாகத்துக்கு என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வண்டியைக் கொடுங்கள்.

கார்த்திகை மாதம் மறுபடி நல்ல மழை. மறுபடி திருவான்மியூர். சிக்னலில் பிரேக் போட்டேன். சப்தமில்லை. போய்ச் சேர்ந்ததும் என் மனைவி கதவைத் திறந்து, காலை ஊன்றி, தானே எழுந்து நின்றாள். குனிந்து புடவைக் கரையைத் தொட்டுப் பார்த்தாள்.

"காஞ்சுதான் இருக்கு" என்றாள்.

அந்த நேரம் பார்த்துத் தொலைபேசி மணி அடித்தது. பட்டறை இளைஞர்தான். "சார், அந்த எக்ஸ்சேஞ்ச் ஆஃபர் இந்த மாசத்தோட முடியுது. என்ன முடிவு பண்ணீங்க?"

"தம்பி, கார் விற்பதாக இல்லை" என்றேன். "உங்களிடம் கண்ணாடி ரப்பர் ஏதாவது வந்தால் சொல்லுங்கள். ஒரு செட் வாங்கி வைத்துக்கொள்கிறேன்."